மகமையும் மாணாக்கரும்

சங்கம் எதன்பொருட்டு ஏற்பட்டது என்று நம் அங்கத்தினர் ஒருவரைக் கேட்டால், ஆண்டுக்கு ஒருமுறை கூடுதற்கும், திருவிழாவில் நமக்குரிய கட்டளையைக் குறைவின்றி நடத்துதற்கும், பரீட்சையில் முதன்மையாகத் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசளித்தற்கும் என்று விடை வரும். இவை வேண்டா என்பது எம் கருத்தன்று. ஆயின், மேடையிற் பரிசு பெற்ற பிள்ளை மறுநாட்காலையில் எந்தத் தொழிலுக்கு எவ்வழிச் செல்வது என்று அறியாது நிற்கின்றான். தந்தையார்க்கும் தெரிவதில்லை. பாடஞ் சொன்ன எம் போன்றோர்க்குந் தெரிவதில்லை. தொழிலை அறிந்தவர் தொழில் நடத்துவோரே. அவரோ பரிசளித்த மாலையிலேயே வீடு திரும்பிவிடுகின்றார். இந்நிலையை வேறோர் ஊரார் நூறாண்டுகட்கு முன்பே எங்ஙனம் தீர்த்துக்கொண்டனர் என்னும் வரலாற்றை ஈண்டு உரைக்க விரும்புகின்றோம்.

முதலில் நம் கடற்கரையைப்பற்றிச் சில சொல்லுவாம். மரக்காணமே பண்டை எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை அப்பட்டினத்தைப் பேசுகின்றது. அந்நூலிலேயே உமணரும் வருகின்றனர். உப்பு வண்டிகளை வரிசையாக ஓட்டி, மனைவி மக்களோடு உள்நாடு சென்று, உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்டவர் அவர். அவர்தம் சிறாரோடு மந்தி ஒன்று கிலுகிலுப்பை வைத்து விளையாடுதலையும் அந்நூற் புலவர் கண்டிருக்கின்றார். வழியில் அச்சு முறியுமென்று அஞ்சிச் சேம அச்சு ஒன்றை வண்டியிற் கட்டிச் செல்லும் வழக்கம் உமணர்க்கு இருந்ததென்பது புறநானூற்றால் அறியப்படும். அச்சிறார்க்கு வண்டியே பள்ளி. வழியறிதல், எருதறிதல், அளவறிதல், பண்டமாற்று ஆகிய அனைத்தையும் அவர்கள் கண்டுங் கேட்டும் கற்றனர். தொழிலும் கல்வியும் அங்கே பிரிந்து நிற்கவில்லை.

பிற்காலத்திற் பிரிந்தன. சோழர் காலத்தில் வணிகக் குழுக்கள் பெருவலி படைத்து விளங்கின. மணிக்கிராமத்தார் பெயர் சயாம் நாட்டுத் தகுவாபாவில் ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பிற் காணப்படுகின்றது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்திராத் தீவின் பாருசு என்னும் துறையருகே தமிழிற் கல்வெட்டு நாட்டினர். பாண்டிநாட்டுப் பிரான்மலையில், ஒவ்வொரு பண்டத்தின்மேலும் இவ்வளவு என்று தாமே வரையறுத்து வணிகர் கோயிலுக்கு அளித்த செய்தி கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. இஃது அரசன் விதித்த வரியன்று. வணிகர் கூடித் தம்மேல் தாமே விதித்துக்கொண்டது. பின்னாளில் மகமை எனப்பட்டதன் முன்னோடி இதுவே.

அதே காலத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் ஆட்சியில், 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று நடைபெற்றது. மாணாக்கர்க்கு நாடோறும் நெல் அளக்கப்பட்டது. கற்பித்தவை வேதமும் வியாகரணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும். உண்டியும் உறையுளும் தந்து நடத்திய அக்கல்லூரியின் பெருமையை யாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் உப்பு விளைப்பவன் மகனுக்கோ கப்பலோட்டியின் மகனுக்கோ அங்கு இடமில்லை. அவர் தொழிலுக்கு வேண்டுவது ஒன்றும் அங்குக் கற்பிக்கப்படவுமில்லை. வணிகர் பொருள் கோயிலுக்குச் சென்றது. கோயிலைச் சார்ந்த கல்வி வேதம் ஓதுவார்க்குச் சென்றது. வணிகன் மகன் தந்தையின் திண்ணையிலேயே கணக்குக் கற்றான்.

திண்ணைக் கல்வியை இகழ்தல் ஆகாது. நகரத்தார் அதனை ஓர் ஒழுங்காகவே அமைத்திருந்தனர். பர்மா முதலிய இடங்களில் வட்டிக்கடை வைத்த நகரத்தாரிடம் இளைஞன் முதலிற் பெட்டியடிப் பையனாக அமர்வான். பின்னர் அடுத்தாளாவான், திறமையுடையவன் முதலாளிக்குப் பதிலாளாகி மேலாளாவான். ஏறத்தாழ மூன்றாண்டு ஒரு கணக்கென்று தவணை குறித்து அனுப்புவர். ஒருவன் எப்படியில் நிற்கின்றான், அடுத்த படி யாது என்பது அவனுக்கும் அவன் வீட்டார்க்கும் ஐயமறத் தெரியும். இன்றைய பட்டதாரி பலர்க்கு இத்தெளிவு கிட்டுவதில்லை. ஆயினும் இம்முறை, கடை வைத்திருப்போரோடு உறவு உடையவர்க்கே பயன்பட்டது. உறவற்ற ஏழைப் பிள்ளை வாயிலிலேயே நின்றான்.

நிற்க. யாம் கூற எடுத்துக்கொண்ட ஊர் விருதுநகர். முன்னாளில் விருதுபட்டி எனப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வணிகர் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கே சென்றனர். வழியிற் கள்ளர் பயம் மிகுதி. ஆதலால் இடையிடையே பேட்டைகள் அமைத்தனர். பேட்டையாவது, வண்டியும் எருதும் சரக்கும் இரவில் தங்குதற்கு மதில் சூழ்ந்த இடம். அங்குத் தங்குவோர் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுத்தனர். அத்தொகை மகமை. பேட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்னும் ஊர்கள் இவ்வகையில் வணிகர் குடியிருப்புக்களாயின. ஊர்தோறும் உறவின்முறை என்னும் அவை மகமையைத் தண்டிக் கணக்கு வைத்தது.

முதலில் அப்பொருள் காவலுக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்குமே செலவாயிற்று. பின்பு ஒரு திருப்பம் நேர்ந்தது. 1880-ஐ அடுத்த ஆண்டுகளில் விருதுபட்டி உறவின்முறையார் மகமைப் பணத்தைப் பள்ளிக்கூடத்திற்குத் திருப்பினர். சத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. அது தம் குலத்தார்க்கு மட்டுமன்றி எல்லார்க்கும் திறந்திருந்தது, கட்டணமும் இல்லை. மகமை போதாத இடத்துப் பிடியரிசி கைகொடுத்தது. உலையிலிடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டு வைப்பர். அதனைத் திரட்டி விற்றுப் பள்ளியை நடத்தினர். மகமை ஆடவர் கடையிலிருந்து வந்தது. பிடியரிசியோ பெண்டிர் அடுக்களையிலிருந்து வந்தது. பள்ளிக்கு அறம் செய்தோர் பட்டியலில் இத்தாய்மாரின் பெயரை யாரும் கல்லிற் பொறிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இவர்கள் ஏன் பள்ளியின்மேல் இவ்வளவு முனைந்தனர் என்று கேட்கலாம். கையிற் பொருளிருந்தும் மதிப்பில்லாத காலம் அது. கமுதிக் கோயிலில் நுழைந்ததுபற்றி 1897-இல் எழுந்த வழக்கு, மதுரையிலும் சென்னையிலும் தோற்று, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. 1899-இல் சிவகாசி கொள்ளையிடப்பட்டது. வழக்கிற்குப் பெரும்பொருள் செலவிட்டுக் கண்ட பயன் இதுவாக, இரண்டே ஆண்டுகளில், 1910-இல், தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் இரத்தினசாமி நாடார் முன்னின்று கூட்டிய மகாநாட்டில் நாடார் மகாஜன சங்கம் நிறுவப்பட்டது. பள்ளி கல்லூரி தொடங்குதலும், வாணிகமும் கைத்தொழிலும் வளர்த்தலும், அவற்றுக்கு மகமை திரட்டுதலும் அதன் நோக்கங்களில் அடங்கின. கல்வியும் வாணிகமும் ஒரே தாளில் எழுதப்பட்டதைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

சங்கம் மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் அளித்தது. அதனைக் கடனாக அளித்தது. படித்து வேலையில் அமர்ந்தபின் திருப்பிச் செலுத்தவேண்டும். திரும்பிய பணம் அடுத்த மாணாக்கனுக்குச் செல்லும். இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. இனாமாகக் கொடுத்தவன் கொடுத்ததோடு மறந்துவிடுவான். கடனாகக் கொடுத்த சங்கமோ, அப்பிள்ளை தேறினானா, வேலை கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டேயிருக்கும். கேளாவிடின் பணம் வாராது. ஆகவே மாணாக்கன் பிழைப்பைப்பற்றிய கவலை சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலேயே ஏறிவிடுகின்றது.

1920-இல் தூத்துக்குடியில் கூடிய சங்க மகாநாட்டில் ஒரு பாங்கு தொடங்கும் யோசனை எழுந்தது. 1921 மே மாதத்தில் நாடார் பாங்கு பதிவாகி, நவம்பர் மாதத்தில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கு எனப் பெயர் மாறி இன்றும் நடைபெறுகின்றது. வணிகர்க்குக் கடன் கிடைத்ததோடு, பள்ளியிற் கணக்குப் பயின்ற இளைஞர்க்கு அமர ஓரிடமும் கிடைத்தது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைப் பயின்று, மறு ஆண்டு திரும்பித் தம்மூரில் தொடங்கினர். கருமுகிலை நம்பிய வறண்ட நிலத்தில் ஒரு தொழில் நகரமே அதனால் எழுந்தது. இவ்விருவரும் கல்லூரிப் பட்டத்தை நாடிச் செல்லவில்லை. ஒரு தொழிலின் செய்முறையை நாடிச் சென்றனர். பட்டமே கல்வி என்று எண்ணும் பெற்றோர் இதனை நினைக்கவேண்டும். அத்தொழிலிற் பின்னாளிற் சிறுவர் சிறுமியர் உழைக்க நேர்ந்த தீமையும் மறைத்தற்குரியதன்று. ஒருவர் கற்ற தொழில் பிறர் பிள்ளைகளின் கல்வியைப் பறிக்கவும் கூடும்.

விருதுநகர் வரலாற்றிலேயே நம்மை எச்சரிக்கும் செய்தி ஒன்று உண்டு. காமராசர் அவ்வூர்ச் சத்திரிய வித்தியாசாலையிற் பயின்றவர். பள்ளியோ கட்டணமில்லாதது, ஊராரோ கல்விக்கு அரிசியெடுத்து வைத்தவர். அவ்வாறிருந்தும் தந்தையை இளமையிலேயே இழந்த அச்சிறுவர் படிப்பை இடையில் நிறுத்தி மாமனாரது துணிக்கடையில் அமர நேர்ந்தது. (மாமனார் என்றது தாயுடன் பிறந்த அம்மானை.) பள்ளிக் கட்டணம் இல்லையென்பது மட்டும் போதாது, பிள்ளை படிக்கும் காலத்து வீட்டில் உலை கொதிக்கவேண்டும். இதனைத் தம் வாழ்விலேயே கண்டவர் முதலமைச்சரானபின் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவளித்தார் என்பது யாவரும் அறிந்ததே.

உறவின்முறையின் குறையையும் சொல்லவேண்டும். மகமை விருப்பத்தாற் கொடுப்பதென்பது பெயரளவிலேயே. கொடாதவனை ஊர் ஒதுக்கிவைக்கும். அவன் வீட்டு நன்மை தீமைகளுக்கு ஒருவரும் வாரார். அவ்வளவு கட்டாயம் இருந்தமையாலேயே அவ்வளவு பணமும் திரண்டது என்பாரும் உளர். எமக்கு அது உடன்பாடன்று. கணக்கு வெளிப்படையாக இருந்து, தன் பணம் எப்பிள்ளைக்குச் சென்றதென்று கொடுத்தவன் கண்ணாற் காணுமாயின், அச்சுறுத்தல் வேண்டுவதில்லை. விருதுநகரிற் பள்ளிக்கூடம் ஊர்நடுவே எல்லார் கண்ணிலும் பட்டது; மகமை நின்றுபோகாமைக்கு அதுவே பெருங்காரணம் என்று கருதுகின்றோம். 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் பெண்களுக்கு வன்னியப்பெருமாள் கல்லூரியும் அவ்வூரில் எழுந்தன. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இடையே எத்தனை ஆண்டு இடைவெளி என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்க.

இது ஒரு குலத்தார் கதையன்றோ, தொழிற் சங்கங்கட்கு எங்ஙனம் பொருந்தும் எனின், கோயமுத்தூரைக் காண்க. 1933-இல் அங்குத் தென்னிந்திய ஆலையதிபர் சங்கம் ஏற்பட்டது. ஆலைத்தொழில் துறையினரே பொருள் தந்து 1956-இல் நெசவுத்தொழில் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினர். பஞ்சையும் நூலையும் சோதிக்கும் முறை, ஆலைத் தொழிலாளர்க்கும் மேற்பார்வையாளர்க்கும் பயிற்சி ஆகியன அங்கே நடைபெறுகின்றன. ஒருவரோடொருவர் சந்தையில் போட்டியிடும் முதலாளிகள், ஆளைப் பயிற்றும் செலவை மட்டும் பொதுவில் ஏற்றனர்.

உப்புத் தொழிலுக்கே உரிய சான்று வேண்டுமாயின் இலண்டன் வரை செல்லவேண்டும். அந்நகரின் பன்னிரு பெரு வணிகக் குழுக்களில் உப்பு வணிகர் குழு ஒன்று. 1394-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னனிடம் உரிமைச் சாசனம் பெற்றது. இறைச்சியும் மீனும் பதப்படுத்த உப்பை நம்பியிருந்த காலத்தில் அது செழித்தது. காலம் மாறியது, குழுவினர் உப்பு விற்றலை என்றோ விட்டனர். ஆயினும் குழு கலையவில்லை. முதல் உலகப்போர் முடிந்த 1918-இல், போர்க்களம் சென்றமையாற் படிப்பு இடையறுந்த இளைஞர் இரசாயனம் கற்றுத் தொழிலில் அமருமாறு தொழில் இரசாயனக் கழகம் ஒன்றை நிறுவிற்று. அக்கழகம் பிற்காலத்திற் பள்ளிகளின் இரசாயனப் பாடத்திட்டத்தையே திருத்தியமைக்க உதவியது. தெரிந்தெடுத்த கலை இரசாயனம் என்பதை நோக்குக. உப்பினின்று கிளைத்த கலைக்கே உப்பு வணிகர் உதவினர். அதற்கு முன்னரே, 1878-இல், இலண்டன் நகராட்சியும் 16 வணிகக் குழுக்களும் சேர்ந்து கைத்தொழிற் பரீட்சைகள் நடத்தும் கழகம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தன.

இனி நம் அளத்திற்கு வருவோம். தையிற் பாத்தி திருத்தி, புரட்டாசி வரை உப்பு வாரி, மழைக்காலத்திற் கையைக் கட்டி இருக்கும் தொழிலில் மாணாக்கன் கற்பதற்கு யாதுளது என்று நம்மவரே நகைப்பர். உளது. கடல்நீர் ஏறத்தாழ 3 பாமே பாகைச் செறிவுடையது. வெயிலிற் காய்ந்து 25 பாகை அளவை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிடல் வேண்டும். வடியாவிடின் மக்னீசியம் கலந்து உப்புக் கசக்கும், மூட்டையிற் கசியும், விலையும் இறங்கும். நம் பெரியோர் இதனை நீரின் நிறத்தாலும் விரலின் உணர்வாலும் அறிவர். அவ்வறிவு பொய்யன்று. ஆயினும் அது அவரோடு போகும். மானியால் அளந்து ஏட்டிற் குறித்தது மகனுக்கு நிற்கும். வடித்த கசப்பு நீரிலிருந்து மக்னீசியம் குளோரைடும் புரோமினும் எடுக்கலாம். நாமோ அதனை வாய்க்காலில் விடுகின்றோம். 2006 முதல், உண்ணும் உப்பு அயோடின் கலந்ததாகவே விற்கப்படவேண்டும் என்பது சட்டம். உற்பத்தி செய்யுமிடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கும், கடையில் விற்குமிடத்தில் 15 பங்கும் குறையாதிருத்தல் வேண்டும். அதனைச் சோதிப்பவன் இரசாயனம் கற்றவன். பம்பைப் பழுது பார்ப்பவன் தொழிற்பயிற்சி நிலையத்திற் பயின்றவன். லாரிக்குச் சீட்டும் வரிக்கணக்கும் எழுதுபவன் வணிகவியல் கற்றவன். பாவநகரில் 1954-இல் திறந்த மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையமும், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தமையால் எழுந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறைக்கே உரியவை. இவற்றின் பெயரையாவது நம் பிள்ளைகள் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே.

சங்கம் செய்யத்தக்கது பெருங்காரியமன்று. அளம் வைத்திருக்கும் அங்கத்தினர், மழைக்காலம் ஒழிந்து பருவம் தொடங்கும்போது, மேல்வகுப்பு மாணாக்கரைப் பத்துநாள் தம்முடன் இருத்தி, நீரளத்தல் முதல் லாரிச் சீட்டு வரை காட்டலாம். படிப்பு முடித்தோர்க்கு 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் ஊதியத்தோடு கூடிய பயிற்சிக்கு வழிசெய்துள்ளது. சிறு அளக்காரர் தனித்தனியே அதன் விவரங்களை ஆராய்ந்து ஏற்பாடு செய்தல் அரிது; சங்கக் காரியதரிசி ஒருவர் அனைவர்க்கும் பொதுவாக ஆராய்ந்து சொல்லலாம். மேற்படிப்புச் செல்வோர்க்கு உதவித் தொகையை விருதுநகர் முறையில் வட்டியில்லாக் கடனாக அளிக்கலாம். தந்தையை இழந்த பிள்ளை, தந்தை நோயுற்ற பிள்ளை ஆகியோர்க்கு மட்டும் அதனை இனாமாகவே கொடுத்தல் வேண்டும்.

பணத்திற்கு வழி யாதெனின், மகமையே. கணக்குக்காக ஒன்று கொள்வோம். ஒரு டன் உப்புக்கு 2 ரூபாய் என்று வைத்தால், 20 டன் ஏற்றும் லாரிக்கு 40 ரூபாய். பருவத்தில் 5,000 லாரி ஏறினால் 2 லட்சம் ரூபாய். டன்னுக்கு இரண்டு ரூபாயால் எந்த அளக்காரரும் நொடித்துப்போகார். திருவிழாச் சந்தாவுக்கு இதனினும் மிகுதி கொடுக்கின்றோம்.

ஒன்று மட்டும் முன்னரே தீர்த்துக்கொள்ளவேண்டும். இம்மகமையை அளக்காரர் லாரிக்காரரிடம் வாங்குவாரா, தம் இலாபத்திற் கொடுப்பாரா, அன்றி உப்பு வாரும் கூலியிற் பிடிப்பாரா? மூன்றாவது வழிக்கு ஒருபோதும் இடந்தரலாகாது. வெயிலிலும் உப்புநீரிலும் கால் வெடித்து நிற்கும் ஆணும் பெண்ணும் தம் பங்கை முன்னரே செலுத்திவிட்டனர். அவர்தம் பிள்ளைகளும், அவர் எக்குலத்தவராயினும், இக்கடனுக்கு உரியர் என்று விதியில் எழுதவேண்டும். விருதுபட்டிப் பள்ளி எல்லார்க்கும் திறந்திருந்தது. கணக்குப் பார்க்கும் சபையில் அளத்தில் உழைப்போர் இருவரும், அவருள் ஒருவர் பெண்ணாகவும், இருத்தல் நன்று. வரும் பொதுக்கூட்டத்தில் நிர்வாக சபையார் இதனை எடுத்துக்கொள்வாராயின், தைப் பருவத்தின் முதல் லாரி ஏறுமுன்னரே கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடலாம்.